பூருலின் வியாழக்கிழமை நகல்

நரின் நகரப் பனியாற்று அலுவலகத்தில் பூருலைப் போல் முன்ஜாக்கிரதைக்காரி கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். கோடையெல்லாம் குதிரையில் மலைமேல் போய், பனியாறு உருகித் தேங்கும் ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, ஒரு பயணத்துக்கு ஒரு கோப்பாகக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஏற்றியதும் குறிப்புத்தாள் அடுப்பு மூட்டப் போய்விடும், அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

வெள்ளிக்கிழமைகளில் அலுவலகக் கோப்புகளை நகலெடுப்பவன் திலேக். அவன் மேல் அவளுக்கு அரை நம்பிக்கைதான். அதனால் மூன்று வருடமாக வியாழன்தோறும், தலைநகர் பிஷ்கெக்கில் நடந்த பயிற்சியில் கற்ற ஒரு கணினிக் கட்டளையைப் போட்டு, புதிய கோப்புகளைத் தன் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். அந்த அக்டோபரில் தம்பி கல்யாணத்துக்குப் பாட்டு ஏற்ற இடம் வேண்டியிருந்தது. அலுவலக நகல்தான் இருக்கிறதே என்று அத்தனையையும் துடைத்தாள். மிச்சமிருந்த அரை நம்பிக்கையை அன்றைக்கென்று முழுசாக வைத்தாள், மகராசி.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தது, அதிலிருந்த கோப்புகளும் போயின. புதன்கிழமை அரசுக் குழு வருகிறது, ஏரிக்கு வடிகால் வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல. ஏரி உடைந்தால் கீழே எண்பது வீடுகள்.

திலேக் அலுவலக நகலைத் திறந்தான். பூருலின் கடைசிக் கோப்பு மூன்று வருடத்துக்கு முந்தையது. பக்கத்து மேசைச் சோம்பேறி ரிஸ்பெக் ஒருநாளும் எதையும் தனியாக எடுத்து வைத்தவனில்லை. அவன் கோப்புகள் ஒன்று விடாமல் நகலில் இருந்தன. உன்னை நம்பி, வியாழன்தோறும் நான் கட்டளை போட்டு எடுத்த நகலையும் துடைத்தேனே என்று பூருல் திலேக்கை வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"புதுசா ஒரு கோப்பு வந்தா, இல்ல பழசு மாறினா, கம்ப்யூட்டரே அதுமேல ஒரு குறி போடும்க்கா. குறி இருக்கறத மட்டும்தான் நான் எடுப்பேன். எடுத்ததும் குறி அழிஞ்சிடும். ஒங்க கோப்புங்க வெள்ளிக்கிழமை என்கிட்ட வரும்போது குறியே இல்லாம வந்திருக்கு. நீங்க போடற கட்டளை என்னன்னு எழுதுங்க, பாப்போம்."

எழுதினாள். அவன் தாளை வாங்கிப் படித்தான்.

"இதுவும் அதே குறியப் பாத்துத்தான்க்கா எடுக்குது. எடுத்துட்டு அழிச்சிடுது."

வேறு யாரும் செய்யவில்லை. அவள் கை, அவள் ஜாக்கிரதை. ஒவ்வொரு வியாழனும் அந்தக் குறியை அவளே அழித்திருக்கிறாள்.

புதன்கிழமை குழுவின் முன்னால் பூருல் எதையும் மறைக்கவில்லை. திலேக் மேல் தப்பில்லை, தப்பு தன்னுடையது, ஏரி மூன்று வருடத்தில் நான்கு மீட்டர் ஏறியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். கணவாய் போன வாரமே பனியில் மூடிவிட்டது, இனி ஜூனில்தான் போக முடியும் என்றார் குழுவின் பொறியாளர். பனி உருகி ஏரி நிரம்புவதும் ஜூனில்தான் என்றாள் பூருல். எழுத்தில் இருப்பதை வைத்துத்தான் தன்னால் முடிவு சொல்ல முடியும் என்று அவர் நகலில் மிஞ்சியிருந்த, மூன்று வருடத்துக்கு முந்தைய அளவின் அச்சுத்தாளை எடுத்தார். நீர்மட்டம் அபாயக் கோட்டுக்கு வெகு கீழே என்றிருந்தது அதில்.

அறிக்கையில் 'வடிகால் தேவையில்லை' என்று எழுதிவிட்டு, அந்த அச்சுத்தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"அளந்தவர் பேர் இங்க இருக்கு. நீங்கதானே?"

"நான்தான்," என்றாள் பூருல்.