செனற்றரின் நூலகத்தில் ஒரு கான்

அது 1996, யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர் எல்லோருடைய பெயரும் பொலிசில் பதிந்திருந்தது. எங்கள் ஆட்களின் வீடு ஒன்றாவது நல்ல காரியத்துக்காக அரசாங்கத்தில் பதியப்படட்டும் என்று ஒரு சபை அமைத்தோம். ஏழு பேர். ஆறு பேருக்குப் பதவி. ஏழாவது ஆளான எனக்குத் தேத்தண்ணிப் பொறுப்பு.

வீடு, காலஞ்சென்ற செனற்றர் இரத்தினசிங்கத்தின் குடும்ப வீடு. சுற்றிவர மாடிகள் முளைத்த பிறகும் ஓட்டுக்கூரையோடு நின்றது. பேத்தி நேசமலர் அதில் தனியாக இருந்தார். லண்டனில் இருந்த தம்பிமார், பிளாட் கட்டுகிற ஒருவருக்கு அதை விற்க நாளும் பார்த்துவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று தொல்பொருள் திணைக்களம் அறிவித்தால்தான் வீடு தப்பும்.

தலைவர் தியாகராசா எழுதிய வரலாற்றில் வீடு மாளிகையாகியிருந்தது. செனற்றர் குடும்பம் பால் விற்றது என்றால் யார் மதிப்பார்கள்? பின்வளவு மாட்டுக் கொட்டிலுக்கு வெள்ளையடித்து, நாலு அலுமாரி புத்தகம் அடுக்கி, ‘செனற்றரின் நூலகம்’ ஆக்கினோம்.

“நேசமலர், அதிகாரி வரேக்கை மாடு எண்ட சொல்லே வாயிலை வரப்படாது.”

“நாலு தலைமுறை பால் குடிச்ச வாய் ஐயா. பாப்பம்.”

அதிகாரி ஐந்து சோதனைச் சாவடி தாண்டி வந்து, கூடத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். நூலகத்தில்தான் நின்றார். சரிந்த கருங்கல் தரை. அதன் ஓரமாக நீளத்துக்கு, கழுவிய தண்ணி ஓட ஒரு கான்.

“நூலகத்துக்கு எதற்குக் கான்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“செனற்றர் துப்புரவிலே மிகவும் கண்டிப்பு,” என்றார் தியாகராசா.

“புத்தகத்தையும் கழுவுவாரா?”

நேசமலர் முன்னால் வந்தார்.

“ஹரக் மடுவ, மஹத்தயா. மாட்டுக் கொட்டில்.”

தியாகராசா கண்ணை மூடிக்கொண்டார். நேசமலர் நிறுத்தவில்லை. இந்த இடம் தென்னந்தோப்பாக இருந்த காலத்தில், கணவனை இழந்த தெய்வானைப்பிள்ளை பதினெட்டு மாடு வைத்துப் பிள்ளைகளை வளர்த்ததைச் சொன்னார். அவருடைய மூத்த மகன் விடியற்காலையில் பால் கறந்து, பம்பலப்பிட்டி பங்களாக்களுக்குப் போத்தல் சுமந்து கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடியதைச் சொன்னார். அந்த மகன்தான் செனற்றர். இந்தக் கானைக் கழுவியதும் அவர்தான்.

அதிகாரி குந்தியிருந்து கல்லைத் தடவினார். “மாளிகைகள் எங்களுக்குத் தாராளமாக இருக்கின்றன. கொழும்புக்குள்ளே பாற்பண்ணை வீடு நான் பார்த்ததில்லை. முதலில் அந்த அலுமாரிகளை வெளியே எடுங்கள்.”

நாலு மாதத்தில் அறிவித்தல் வந்தது. விற்பனை நின்றது. வாசல் பலகையில் செனற்றர் பெயர் ஆனை அளவில் வரவேண்டும் என்று தியாகராசா ஒற்றைக் காலில் நின்றார். நேசமலர் மசியவில்லை. மூன்று மொழியிலும் இப்படித்தான் எழுதினார்கள்:

‘தெய்வானைப்பிள்ளையின் பாற்பண்ணை. இங்கே பால் கறந்தவர்களில் ஒருவர் பின்னர் செனற்றரானார்.’

தியாகராசா அதற்குக் கீழே நின்று ஆறு படம் எடுப்பித்தார். ஆறிலும் பின்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் நிற்கிறேன்.