பழைய டிஸ்க்கைப் போட்டுக் காட்டுங்க

புது வீடியோ கேம் கன்சோல் வெளியான நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கும் வரிசையில் அம்மாவும் வக்கீலும் முன்னால் வந்துவிட்டார்கள். வக்கீல் என்பது மகளுக்கு வீட்டில் வைத்த பட்டம், படித்தது கணக்கு. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அம்மா துணி ஆலையில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஒரே ஒரு சண்டை விளையாட்டை ஆடுவாள். அதை ஆடினால்தான் அவளுக்குப் பொழுது போனதாக அர்த்தம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புதுசு என்று மகள்தான் இழுத்து வந்திருந்தாள்.

அம்மா தன் விளையாட்டு டிஸ்க்கை நீட்டினாள். "இந்த டிஸ்க் இதுல ஓடுமா தம்பி?"

"எல்லாமே ஓடும்மா." விற்பனையாளன் பில்லைப் போட்டுவிட்டுப் பழைய கன்சோலைத் தூக்கிப் பின்னாலிருந்த பெட்டிக்குள் எறியாத குறையாக வைத்தான்.

அம்மாவின் முகம் சுருங்கியது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டாள்.

"போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு மேடம், பின்னாடி எவ்வளவு பேர்..."

"போடுங்க."

போட்டான். சுவரை அடைத்த திரையில் எழுத்து வந்தது: இந்த டிஸ்க்கை இதில் ஆட முடியாது.

"இது ரொம்பப் பழசு மேடம். இப்ப யாரு இதையெல்லாம் ஆடுறாங்க? இதே கேமைப் புதுசா வாங்கிக்கலாம்."

"புதுச் செருப்பு வித்தா கூடவே புதுக் காலும் வாங்கச் சொல்வீங்களா?"

வரிசை சிரித்தது. மேலாளர் ஓடி வந்தார். "பில் போட்டாச்சும்மா. வந்த பழசு திரும்பப் போகாது. அதுவும் ஓட்டை டப்பா."

"ஓட்டையா? அதையும் பார்த்துடுவோம்."

அவர் மறுப்பதற்குள் அவள் பெட்டியிலிருந்து கன்சோலை எடுத்தாள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களைத் திரையின் முதுகில் தடவிச் செருகினாள். டிஸ்க்கை அதில் போட்டதும் விளையாட்டு பளிச்சென்று வந்தது.

"பார்த்தீங்களா? பழசுக்கு டிவி கொடுக்கிற மரியாதையக்கூட உங்க புதுக் கன்சோல் கொடுக்கல."

அம்மா கூச்சத்தோடு கன்ட்ரோலரை வாங்கினாள். இரும்புக் கை அரக்கன் ஒருவன் எதிரே வந்து நின்றதும் கூச்சம் போய்விட்டது. பறந்து ஓர் உதை. விழுந்தவன் மேல் இன்னொன்று.

"யாரும்மா அவன்?" என்றார் வரிசையில் ஹெல்மெட்டோடு நின்றவர்.

"எங்க சூப்பர்வைசர்."

கடையே அதிர்ந்தது. அரக்கன் மல்லாந்தபோது விற்பனையாளனும் தன்னை மறந்து கை தட்டிவிட்டான்.

ஹெல்மெட்காரர் பையிலிருந்து தன் டிஸ்க்கை உருவினார். "முதல்ல இதைப் போட்டுக் காட்டுங்க, அப்புறம் பில்லு." அவருக்குப் பின்னால் வரிசை முழுக்க டிஸ்க்குகள் உயர்ந்தன.

மேலாளர் பில்லைக் கிழித்தார். பணத்தை வக்கீலின் கையில் வைத்தார். "எடுத்துட்டுக் கிளம்புங்கம்மா, தயவுசெஞ்சு."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க சார், எழுந்திரிக்கிறான்."