முதலில் கட்டிய மூட்டைகள்

அறுவடையன்று நிந்தவூர் வயல் வட்டையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நஸ்லினின் கணவர் பக்கீர் முகைதீன் மெசின் கொட்டிய பச்சை நெல்லில் முதல் வேலையாக விதைக்கு நாலு மூட்டை, ஏழைகளுக்குரிய ஸகாத்துக்கு இரண்டு மூட்டை என்று உரப்பையில் இறுக்கிக் கட்டினார். நல்லதும் அல்லாஹ்வுக்குரியதும் நனையக் கூடாதல்லவா! மிச்ச நெல் நனைந்து, பிறகு மூன்று நாள் தார் ரோட்டில் காய்ந்தது. ஸகாத்து மூட்டைகள் மறுநாளே அடுத்த தெரு ஜுனைதாவுக்குப் போயின. அவள் கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகள்.

இரண்டு மாதம் போய் விதைப்பு நெருங்கியதும் நஸ்லின் விதைநெல்லில் நூறு எண்ணி ஈரச்சீலையில் சுற்றிவைத்தாள். நாலாம் நாள் முளைத்திருந்தது வெறும் முப்பத்தெட்டு. அவளுக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுச் சோற்று நெல்லிலும் நூறு எண்ணிச் சுற்றினாள். அதில் தொண்ணூற்றொன்று முளைத்தது.

"நனைஞ்சது முளைக்கிது, நனையாதது செத்துக் கிடக்குது. இதென்ன புதினம்?" என்றாள்.

"நெல்லெண்ணியே உனக்குப் பைத்தியம் புடிக்கப் போகுது," என்றார் பக்கீர் முகைதீன்.

அவள் விடுவாளா? முளைக்காத நெல்லை நகத்தால் உரித்துப் பார்த்தாள். வெளியே பொன்னாக மினுங்கியது, உள்ளே முளை இருக்கும் மூலை கறுத்துப் பச்சை பூத்துக் கிடந்தது. உடனே விவசாயப் போதனாசிரியைக்கு போன் எடுத்தாள்.

"காயாமக் கட்டினா மூட்டைக்குள்ள வேர்க்கும். பூஞ்சணம் வந்து முளையைத் தின்னும். சில பூஞ்சணம் நஞ்சும் வைக்கும்," என்றார் அவர்.

"அப்ப அவிச்சுக் குத்திச் சாப்பிடுவம், விதையை வெளியில வாங்குவம்," என்றார் பக்கீர் முகைதீன்.

நஸ்லின் அதையும் போனில் கேட்டாள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாதாம். கேட்ட கையோடு அவளுக்கு ஜுனைதாவின் ஞாபகம் வந்தது. அந்த ஸகாத்து மூட்டைகளும் அதே நாளில் அப்படிக் கட்டியவைதானே!

காய்ந்த நெல்லில் இரண்டு மூட்டையை ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஜுனைதா வீட்டுக் குசினியில் அடுப்பருகே ஒரு உரப்பை வெறுமையாக மடித்துக் கிடந்தது.

"மணம் ஒரு மாதிரித்தான் இருந்திச்சு தங்கச்சி," என்றாள் ஜுனைதா. "ஸகாத்து நெல்லுக்குக் குறை சொல்லப்படாதெண்டு ஆக்கித் திண்டம்."

நஸ்லினுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"ராத்தா, மத்த மூட்டையைத் தொடாதீங்க. புள்ளையளையும் கூட்டிட்டு நீங்களும் வாங்க, ஆஸ்பத்திரியில காட்டுவம்," என்றாள். ஓட்டோ வாசலிலேயே நின்றது.