இடப்பக்கம் மட்டும் பெய்த மழை

ஆர்த்தோவின் மீது மழை இடப்பக்கம் மட்டும்தான் பெய்தது. எங்கள் கடற்கரையில் மழையில்லாத நாள் அபூர்வம் என்பதால், பிறந்த வாரமே இது தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, அவளுக்குப் பெயரே பாதிதானே இருந்தது. தாய்வீட்டு வார்த்தை ஒன்று, தகப்பன் வீட்டு வார்த்தை ஒன்று, இரண்டையும் ஒட்டி ஒரே பெயராகக் கல்லின் விளிம்பில் வெட்டினால்தான் எங்களில் ஒருவர் முழு ஆள். தாய் ஆர்த்தோகேனா தன் வீட்டு வார்த்தையை, அதாவது கரடி என்று பொருள்படும் 'ஆர்த்தோ'வைக் கொடுத்துவிட்டாள். தகப்பன் வீட்டு வார்த்தை 'குனா', வேட்டைநாய். அதை வாசலில் நின்று மூன்று முறை அழைக்க வேண்டிய தகப்பன், பிள்ளை பிறக்கும் முன்பே படகோடு கடலில் மூழ்கிப்போனான்.

தகப்பன் இல்லாவிட்டால் அவன் வீட்டைச் சேர்ந்த யாரும் அழைக்கலாம். ஆனால் அவன் அண்ணன் குனமாக்லா அழைக்க மறுத்தான். வார்த்தையைக் கொடுத்தால் மேய்ச்சல் நிலத்தில் பங்கும் கொடுக்க வேண்டும். தம்பியின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவன், தம்பியின் நாயையும் கேட்டான். பக்கத்து வீட்டார் அது தங்கள் நாய் என்று தகராறு செய்ததும், ஊர் கூடிய இடத்தில் நாயின் தலையில் கைவைத்து, "இது எங்க வீட்டு உசுரு. நாங்க வேற, இது வேறயா?" என்று சத்தியம் செய்தான். அவனுக்கு எப்போதுமே கையும் நீளம், வாயும் நீளம்.

பனி விழத் தொடங்கியதும் வேடிக்கை போய்விட்டது. நெருப்பின் சூடும் இடப்பக்கம் மட்டுமே பிள்ளைக்கு ஏறியது. வலக்கை நீலம் பாரித்தது. ஆர்த்தோகேனா அவளைச் சுமந்துகொண்டு குனமாக்லாவின் வேலிவரை போனாள்.

"மச்சான், நிலம் வேணாம். ஒரு வார்த்தை போதும். புள்ள செத்துடும்."

"ஒரு வார்த்தைன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறீங்க. போ, போய்க் கம்பளியச் சுத்து."

அவள் அழுதுகொண்டே திரும்பினாள். 

மறுநாள் காலை அந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, அவள் வாசலில் நின்று மூன்று முறை குரைத்தது. பிறகு உள்ளே போய்ப் பிள்ளையின் வலப்பக்கம் படுத்துக்கொண்டது. ஊரே பார்த்தது. பின்னாலேயே ஓடிவந்த குனமாக்லா கத்தினான்.

"நாய் கொலச்சா அது பேராயிடுமா?"

கல் வெட்டும் தெத்தா உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டாள்: "எங்க வீட்டு உசுருன்னு சத்தியம் பண்ணியே, அப்ப அது பொய்யா?"

எங்களில் பொய்ச் சத்தியம் செய்தவனுக்குப் பசு பால் கொடுக்காது. குனமாக்லா நாயை விட்டுவிட்டுத் தன் மாட்டுத் தொழுவத்துக்கு ஓடினான்.

மதியத்துக்குள் கல்லில் 'ஆர்த்தோகுனா' முழுதாக ஏறியது. தூறல் பிடித்ததும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வலக்கன்னத்தில் முதல் துளி விழ, பிள்ளை வீறிட்டது.

"நனைடி தங்கம், நல்லா நனை!" என்று அவள் அழுதாள், சிரித்தாள்.

ஆர்த்தோகுனா வளர்ந்து, ஐந்து பிள்ளைகள் பெற்று, நிலத்தையும் ஆண்டாள். மழையில் வந்தால் வாசலில் நின்று உடம்பை ஒரு உதறு உதறுவாள். எதிரே இருப்பவர் நனைந்துபோவார். தகப்பன் வீட்டுப் பழக்கம் என்று விட்டுவிட்டோம்.