‘இல்லை’ என்று எழுதியவள்

வாட்ச்காரர் வாட்ச் கட்டமாட்டார். கட்டினால் இரண்டே நாளில் மணிக்கட்டு தடித்துச் சிவந்துவிடும். ஊருக்கெல்லாம் நேரத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் மணி கேட்கிற மனிதர். வீட்டில் இது இருபது வருஷத்துக் கேலி. கேலியைப் போய் யாராவது நோய் என்று நினைப்பார்களா?

அவர் மனைவிக்குப் படிவம் நிரப்புவதுதான் வேலை. தாலுகா அலுவலக வாசலில் ஒரு மேஜை, இரண்டு பேனா, நாள் முழுக்க வரிசை. கட்டம் எதையும் காலியாக விட்டால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தெரியாத கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதிவிடுவாள். அவள் எழுதியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே ஓர் ஓட்டை இருந்தது. நெஞ்சைத் திறக்காமல், தொடையில் ஓடும் ரத்தக்குழாய் வழியாக ஒரு சின்ன உலோக வலையை அனுப்பி அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்கான நான்கு பக்கப் படிவத்தையும் அவளே பத்து நிமிஷத்தில் முடித்தாள். உலோகம் ஏதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. ‘இல்லை.’ அவர் கையெழுத்துப் போட்டார்.

வலையை வைத்த ஆறு வாரத்தில் காய்ச்சல், படபடப்பு, மூச்சு முட்டல். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு வடித்தார்கள், மறுபடியும் கோத்தது. முதுகில் பல உலோகங்களைத் தனித்தனியாக ஒட்டிப் பார்த்ததில் நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் கன்றிப்போயிருந்தது. வலையில் நிக்கல் இருக்கிறது, உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது, இனி நெஞ்சைத் திறந்து எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். படிவத்தில் இல்லை என்று போட்டிருக்கிறதே என்றும் கேட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. பசி தெரியவில்லை, அழுகை வரவில்லை. யாரோ சொன்னபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா என்று நாலு நாளாகக் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவளும் வாயடைத்துக் கிடந்தாள். இன்று மாலைக்குள் பதில் வேண்டும், இன்னும் தள்ளினால் கையை மீறிப் போய்விடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவள் போர்வையை மடித்துக்கொண்டே, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னாள்.

“அந்தக் கேள்விக்கு இல்லைன்னு எழுதினது நான்தாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன்.”

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

“டாக்டர் வலையைக் காட்டினப்பவே என்ன உலோகம்னு கேட்டேன். வாட்ச்ல இருக்கிற அதே நிக்கல்தான். அது எனக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தா நெஞ்சைத்தான் திறக்கணும்பாங்க. பயந்துட்டேன்.”

கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நாலு நாள் பாரம் இறங்கியிருக்க வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் நடக்கவில்லை.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“உங்கிட்ட சொன்னா நீ ஆமான்னு எழுதிடுவியே.”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இப்போதும் பயமா இருக்கா என்று கேட்டாள்.

“இருக்கு,” என்றார். “ஆனா எடுக்கச் சொல்லிடு.”

அவள் எழுந்து நர்ஸைத் தேடிப் போனாள். நடைவழியில் பாதி தூரம் போன பிறகுதான் தனக்குப் பசிப்பது அவளுக்குத் தெரிந்தது.