மைக் கட்டிய வண்டி

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலை பிரிகிற முனையில் வாடகைக்கு நின்ற பிக்கப் வண்டிகள் இரண்டுதான். ஒன்று ராஜாங்கத்தின் அம்பாசடர். அரிசி ஆலைக்காரர் ஒருவர் இருபது வருஷம் ஓட்டிக் கழித்த காரை வாங்கி, பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டுப் பலகையில் தொட்டி கட்டியிருந்தான். மற்றது நைனார்பாளையத்துத் தங்கதுரையின் பியட். அதுவும் காராகப் பிறந்து பாதி வயதில் பிக்கப் ஆனதுதான்.

ஆனால் பியட்டில் அறுத்த இடம் தெரியாது. கூரை முடிகிற இடத்தில் தகரத்தை வளைத்து, கண்ணாடி வைத்து, தொட்டியையும் தகரத்திலேயே அடித்து, ஆகாச நீலத்தில் பெயின்ட் பூசியிருந்தான். முதல் நாள் அதைச் சுற்றிவந்து பார்த்த ராஜாங்கம், "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். பாதி டீயை மண்ணில் கொட்டினான். மூன்று வருஷமாக அந்த முனையில் ஒற்றை ராஜாவாக நின்றவன் அவன்.

பார்க்கிறவர்களுக்கு இருவரும் சிநேகிதர்கள். ஒன்றாக டீ குடிப்பார்கள், ஒரே பீடிக்கட்டில் பங்கு போடுவார்கள். கரியாலூர்ச் சந்தையன்று மலை ஏறும்போது யார் முந்துகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் வடை வாங்கித் தர வேண்டும். ராஜாங்கம் மூத்தவன் என்பதால் தங்கதுரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். அந்த மரியாதைகூட ராஜாங்கத்துக்கு எரிச்சலாக இருக்கும். மலைக்காரர்கள் எலுமிச்சை மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் வண்டியைத் தாண்டி நீல வண்டிக்குப் போகும்போது, அவன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்வான்.

வீட்டிலும் நிம்மதியில்லை. ஒருநாள் அவன் மனைவி கமலா, "தொர வண்டியில ஏறனா குலுக்கலே கம்மியாங்க, சொல்லிக்கினாங்க" என்றாள். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அவர்கள் சாதிச் சங்கம் அறிவித்தது. தென்னார்க்காடு முழுக்க அதே பேச்சு. மறியலுக்குப் பத்து நாள் முன்னால் சங்கத்தார் நான்கு பேர் முனைக்கு வந்தார்கள். ஊரூராகப் போய் மைக்கில் சொல்ல வண்டி வேண்டும் என்றார்கள். ராஜாங்கம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். தன் பிள்ளை பத்தாவது முடித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கிறான், இந்தக் காரியத்துக்குத் தன் வண்டி போவதுதான் நியாயம் என்று அவனுக்குப் பட்டது.

வந்தவர்களில் ஒருவர் அம்பாசடரை ஒரு பார்வை பார்த்தார்.

"கோச்சிக்காதண்ணே. நீ டீசல் இன்ஜின் மாத்திப் போட்டுக்கிற. அது போடற சத்தத்துல மைக்கு எடுபடாது" என்றவர், பியட்டின் கூரையில் கை வைத்தார். "இதுல கட்டலாம்."

பத்து நாள் தங்கதுரை முனைக்கு வரவேயில்லை. நீல வண்டியின் தலையில் இரண்டு புனல் ஒலிபெருக்கிகள். சின்னசேலம் பக்கம், சங்கராபுரம் பக்கம் என்று நாற்பது ஊர். போன இடமெல்லாம் பெண்கள் ஆரத்தி எடுத்தார்களாம், மோர் கொடுத்தார்களாம். லோடு ஏற்ற வருகிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். இத்தனை நாளும் பாதியாக வந்துகொண்டிருந்த வாடகை இப்போது முழுசாக ராஜாங்கத்துக்கே வந்தது. அவனுக்கு அதில் ருசியில்லை. மைக் சத்தம் தூரத்தில் கேட்டால் வண்டியை ஓரங்கட்டிக் காது கொடுப்பான். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு கிளம்புவான்.

மறியல் தொடங்கியபோது ராஜாங்கம் கரியாலூரில் இருந்தான். மறுநாள் காலை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்தால், அடிவாரம் தாண்டி ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. மேலே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி போவாதுண்ணே" என்றான் ஓர் இளைஞன். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மைக்கு கட்டிக்கினு ஊரூரா போச்சே ஒரு பிக்கப்பு, அது இதானா? எங்க ஊருக்கு அது வரல. அதப் பத்திப் பேச்சுதான் கேட்டோம்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான் ராஜாங்கம். வந்தது வேறு.

"ஆமா. இதான்."

அத்தனை பேரும் மரத்திலிருந்து இறங்கி வந்தார்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். மாயவன் என்ற பெரியவர், கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவர், தன் துண்டை உதறி நிழலில் விரித்து, "குந்துங்க தம்பி" என்றார். இரண்டு நாள் ராஜாங்கம் அந்தத் துண்டை விட்டு அதிகம் நகரவில்லை. வாழைத்தாரை அவர்களுக்கே அறுத்துக் கொடுத்தான். தான் போகாத ஊர்களில் தனக்கு எடுத்த ஆரத்தியைப் பற்றிச் சொன்னான். பேசப் பேச அது நடந்ததாகவே ஆகிவிட்டது. தங்கதுரையின் நினைப்பு வந்தபோதெல்லாம் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. வடக்கே சில ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப்போன செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது. இளைஞர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கி ஓடினார்கள். ஓட முடியாத மாயவனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சாலையில் உட்கார வைக்கப்பட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார். "மைக் போட்டு ஜனங்களைக் கிளப்பிவிட்ட பிக்கப் எதுய்யா?"

ராஜாங்கத்துக்குப் பியட்டின் நம்பர் மனப்பாடம். தன் வண்டி நம்பரைவிட அது நன்றாகத் தெரியும். நீலக் கலர், நைனார்பாளையம், தங்கதுரை. மூன்று வார்த்தையில் வீட்டுக்குப் போய்விடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாயவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இரண்டு நாள் மரியாதையும் அப்படியே இருந்தது. தங்கதுரையின் பெயரைச் சொன்னால் அடி விழுவதோடு சேர்த்துப் பேரும் புகழும் அவனுக்கே போய்விடும் என்று ராஜாங்கத்துக்குத் தோன்றியது. இதையுமா அவனுக்குக் கொடுப்பது?

"என் வண்டிதாங்க சார்" என்றான்.

ஸ்டேஷனில் முதுகில் நன்றாகவே விழுந்தது. பிறகு கடலூர் ஜெயிலில் இருபது நாள். வண்டியைக் கேசுக்காக ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்திவிட்டார்கள்.

விடுதலையாகி வந்தபோது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நூறு பேர் நின்றார்கள். சாமந்தி மாலை போட்டார்கள். முன்பு அம்பாசடரை வேண்டாமென்று ஒதுக்கிய அதே சங்கத்துக்காரர், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கைகொடுத்தார். அவருக்கு உண்மை தெரியும். ஜெயிலுக்குப் போய் வந்தவனை எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது? கூட்டத்துக்கு வெளியே, பழக்கடை ஓரம், தங்கதுரை நின்றிருந்தான். கைதட்டவில்லை.

வீட்டுக்குப் போனால் அடுக்களையில் சாமை அரிசி மூட்டை. "தொரதான் எறக்கிட்டுப் போனாரு. வாராவாரம் வந்து பாத்தாரு" என்றாள் கமலா. நல்லது செய்வதிலும் அவன்தான் முந்திக்கொண்டான் என்று ராஜாங்கத்துக்கு வயிறு எரிந்தது.

மாலையைக் கழற்றாமலே முனைக்குப் போனான். தங்கதுரை பியட்டின் கதவில் சாய்ந்து நின்றான்.

"இன்னா அண்ணே, ஜாஸ்தி கூட்டமா?"

"இருந்துச்சு."

"நாப்பது ஊரு. எனக்குத் தொண்ட கட்டிப் பத்து நாளு பேச்சே வரல. அந்த ஊருல எல்லாம் இப்ப உங்க பேரச் சொல்றாங்க." அவன் குரல் உயரவில்லை. "நெஜத்தச் சொல்றேன், எனக்கு வயிறு எரியுது."

வேறு எந்த நாளிலும் இந்த ஒரு வார்த்தைக்காக ராஜாங்கம் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பான். இப்போது தரையைப் பார்த்தான்.

"ஸ்டேஷன்ல அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"அது எனக்கு வுழ வேண்டியது." தங்கதுரை கதவின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தான். "நான் ஸ்டேஷன் கேட்டு வரைக்கும் வந்தேன், ரெண்டு வாட்டி. என் வண்டின்னு சொல்லிடலாம்னு. சொன்னா நீங்க பொய்யி சொன்னவருன்னு ஆயிடும். அதான் திரும்பிட்டேன். அப்டின்னு வூட்ல சொன்னேன். பயமும்தான்."

"நானும் உன்னக் காப்பாத்தணும்னு சொல்லல" என்றான் ராஜாங்கம். அதைச் சொல்ல அவனுக்கு முதுகில் வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. "பேரு உனக்குப் போயிடக்கூடாதுன்னு சொன்னேன்."

தங்கதுரை அவனை உற்றுப் பார்த்தான். சிரிப்பானா அறைவானா என்று தெரியவில்லை. ராஜாங்கம் மாலையைக் கழற்றி நீட்டினான்.

"எனக்கு வேணாம். ஒரே வேர்வை நாத்தம்" என்று தங்கதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் டீக்கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான்.

போலீஸ் அம்பாசடரை விட்டபோது பொங்கல் கழிந்துவிட்டது. நான்கு டயரும் காற்றில்லை, பாட்டரியைக் காணோம், சீட்டை எலி குதறியிருந்தது. தங்கதுரை வந்து டயருக்குக் காற்றடித்து, பியட்டின் பின்னால் கயிறு கட்டினான். ராஜாங்கம் தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார, நீல வண்டி அவனை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். சிலர் ராஜாங்கத்தைக் கும்பிட்டார்கள். ஆனால் இழுக்கிற வண்டி எது, இழுபடுகிற வண்டி எது என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலில்லை. முன்னால் பளபளத்த அந்த நீலத் தொட்டியையே பார்த்துக்கொண்டு வந்தான் ராஜாங்கம். கூட்டமாக இருந்த ஒவ்வொரு கடை முன்னாலும் தங்கதுரை வேகத்தைக் குறைத்தான். வேண்டுமென்றே செய்கிறான் என்று சந்தேகமில்லை. ராஜாங்கத்துக்குக் காது மடல் சூடானது. ஒருமாதிரி நிம்மதியாகவும் இருந்தது.

முனையில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியபடி தங்கதுரை கேட்டான்: "இன்ஜின் எப்பண்ணே ரெடியாவும்?"

"சந்தைக்கு ரெடியாயிடும்" என்றான் ராஜாங்கம். "நீ வட வாங்கக் காசு எடுத்துக்கினு வா."