பொம்மனஹள்ளியில் நின்ற வீடு

அப்பா ஒருநாளும் பஸ் ஓட்டியதில்லை. எந்த பஸ் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி, இருபத்தெட்டு வருஷம் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பஸ்கள் ஓடின என்பது அவர் எண்ணம். ஓய்வு பெற்ற மறுவருஷம் ஏலத்தில் ஒரு கிழட்டு பஸ்ஸை எடுத்து, மல்லேஸ்வரத்தில் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அதை வீடாக்கப் போவதாக அறிவித்தார். அன்றிலிருந்து தெருவில் ஆராவமுதன் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை, பஸ் மாமா என்றார்கள். அதையும் அவர் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதம் தச்சர்கள் வந்து போனார்கள். சீட்டுகளைப் பிடுங்கி இரண்டு கட்டில், ஒரு பீரோ, பின்பக்கம் தகரத்தடுப்புக்குள் ஒரு ஸ்நான அறை என்று வைத்தார்கள். சமையல் மேடை அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்புமே, மூலையும் கூடத் திரும்புமே என்று கேட்டேன். உனக்குச் சாஸ்திரம் தெரியாது என்றார். ஊர்ப்பெயர் எழுதும் பலகையில் ‘ஆராவமுதன், பி.ஏ.’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதினார். கண்டக்டர் இழுக்கும் மணிக்கயிற்றை மட்டும் கழற்றவில்லை. ஒருமுறை இழுத்தால் காப்பி, இருமுறை இழுத்தால் வெந்நீர். மறுமுனையிலிருந்து அம்மா ஓடிவர வேண்டும். ஓடியும் வந்தாள்.

இந்த வைபவமெல்லாம் எனக்கு வெறும் தமாஷாகத்தான் இருந்தது. அப்பா ஒன்று சொல்லிவிட்டுத் திரும்பியதும் நான் அவரைப்போல் மூக்குக் கண்ணாடியைத் தூக்குவதுபோல் காட்டுவேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். இப்படித்தான் எங்கள் நாட்கள் போயின.

அந்த வருஷம் ஜூனில் கிருஷ்ணகிரியில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று உத்தரவில் எழுதியிருந்தது. எனக்கு வயது இருபத்துநான்கு. இரண்டு வருஷமாக மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்திருந்தேன். இதைவிட்டால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்பா மறுக்கவில்லை. பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன், வீட்டோடு அனுப்புவேன் என்று தெருவெல்லாம் சொன்னார். அவருடைய பஸ்ஸுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, நான் கிடைத்தேன். அம்மா என் பெட்டியை அடுக்கினாள். போய்விட்டு வா என்றுகூடச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் நான் பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஏழரைக்கு ராகுகாலம். ஒன்பது அடித்தபிறகுதான் அப்பா கிளம்ப உத்தரவு கொடுத்தார். விவேக் நகரிலிருந்து வந்த டொமினிக்தான் டிரைவர். முன்பு லாரி ஓட்டியவன், பரம சாது. பாத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு வந்தன. ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டுவதற்குள் மணி பத்தரை ஆகப் போகிறது, யமகண்டம் வருகிறது, நிறுத்து என்றார் அப்பா. ராகுகாலத்தில் கிளம்பக் கூடாது, யமகண்டத்தில் போகக் கூடாது. மிச்சமுள்ள நேரத்தில் பசி வந்துவிடும்.

ரோட்டோரம் புளியமரத்தடியில் பஸ் நின்றது. நான் உத்தரவை எடுத்து அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பன்னிரண்டுக்குக் கிளம்பினாலும் மூன்று மணிக்குள் போய்ச் சேரலாம் என்று கணக்குச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவருடைய கணக்குகள் காகிதத்தில் என்றைக்கும் தப்பியதில்லை.

அம்மா ஸ்நான அறைக்குள் போய்க் குளித்து, மடிப் புடவை கட்டிக்கொண்டு சமையல் மேடைக்கு வந்தாள். பிரயாணத்திலும் மடி கெடாமல் சாப்பிடலாம் என்பதுதான் அப்பாவின் பெரிய பெருமை. ரோட்டில் லாரி போகும், புழுதி பறக்கும், மாட்டுவண்டிக்காரன் எட்டிப் பார்ப்பான். உள்ளே அம்மாவை யாரும் தொட்டுவிடக் கூடாது. ரசமும் கத்தரிக்காய்க் கறியும் ஆயின. அப்பா சாப்பிட்டார், நான் சாப்பிட்டேன். டொமினிக்குக்குப் பஸ்ஸுக்கு வெளியே இலை போட்டார்கள். அம்மா தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு மடியோடேயே அடுப்பருகில் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டரைக்கு டொமினிக் வண்டியை முடுக்கினான். உறுமல் மட்டும் வந்தது. கம்பியை விட்டுச் சுற்றினான். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

அப்பாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. பீரோவிலிருந்து தடிமனான புஸ்தகம் ஒன்றை எடுத்துவந்து, கோளாறு கார்புரேட்டரில்தான் என்று முடிவு செய்தார். டொமினிக்கைப் பெட்ரோல் குழாயை ஊதச் சொன்னார். அவன் ஊதி ஊதி வாயெல்லாம் பெட்ரோலாகித் துப்பினான். பக்கம் நாற்பத்தொன்றில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார் அப்பா. அதற்குள் கிருஷ்ணகிரி போகும் பஸ் ஒன்று வந்தது. கைகாட்டி என்னை ஏற்றிவிடச் சொன்னேன். ஒருகாலத்தில் தன் கையெழுத்துக்கு ஓடிய பஸ், அதை நடுரோட்டில் நின்று கெஞ்சி நிறுத்துவதா என்றார். நானே ஓடிப்போய்க் கைகாட்டினேன். படியில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு மேலே கண்டக்டரின் கை மட்டும் இல்லையென்று ஆடியது. அடுத்த பஸ் மூன்றரைக்கு என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அது கிருஷ்ணகிரி போவதற்குள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாதி பர்லாங்கு நடந்து, ஓலைக் கொட்டகையில் வண்டி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆதிகேசவனை அழைத்துவந்தேன். அல்சூர்க்காரன். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி ஜன்னல் திரைகளைப் பார்த்தான், பெயர்ப் பலகையைப் பார்த்தான்.

“இன்னா சார் இது, வூடா வண்டியா?”

இரண்டும்தான் என்றார் அப்பா, குரலில் கம்பீரம் குறையாமல்.

“அப்ப வூட்டுக்குக் கொத்தனாரக் கூப்ட்டுக்கோங்க. வண்டிய நான் பாக்கறேன்” என்று பானெட்டைத் திறந்தான்.

எனக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று. அப்பா, கார்புரேட்டரைப் பற்றி அடுத்த அத்தியாயத்தைப் பார்ப்பதற்காக உள்ளே போனார். ஆதிகேசவன் ஒயர்களை நிமிண்டினான், ஒரு கறுப்பு மூடியின் கிளிப்புகளை நீக்கினான், உள்ளே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இதற்குள் கட்டைவிரல் அளவில் ரோட்டர் என்று ஒரு சாமான் இருக்க வேண்டும், அது சுற்றினால்தான் எஞ்சினுக்கு நெருப்பு போகும், அதைக் காணோம் என்றான். வழியில் விழுந்திருக்குமோ என்று கேட்டேன்.

“மூடி போட்டது போட்டபடி கீது. விழற சாமான் இல்லம்மா. யாரோ கயட்டியிருக்காங்க.”

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ராகுகாலம், யமகண்டம், புஸ்தகம், அந்த மலர்ந்த முகம். பெண் வேலைக்குப் போகிறாள் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, பாதி வழியில் நிறுத்திவைத்து, நான்கு மணி தாண்டியதும் பகவத் சங்கல்பம் என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போகத் திட்டம். முட்டாள் என்று நினைத்திருந்தேன், அயோக்கியர் என்று இப்போது தெரிந்தது. நாக்கு நுனியில் இருபத்துநான்கு வருஷத்து வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

டொமினிக் குறுக்கே வந்தான். தலையைத் தூக்கவில்லை.

“அய்யாவ ஒண்ணும் கேக்காதீங்கம்மா. அவருக்குத் தெரியாது. உங்க அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க.”

குளிக்கப் போகும்முன் அம்மா அவனைக் கூப்பிட்டு, வண்டி ஓடாமல் இருக்க எதைக் கழற்ற வேண்டும் என்று கேட்டாளாம். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறாள் என்று காட்டினானாம். எடுத்துத் தா என்றாளாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த அம்மா அதுவரை அவனிடம் எதுவுமே கேட்டதில்லை. குளித்துவிட்டு வந்தபிறகு அதைப் படியில் வைக்கச் சொல்லி, அதன்மேல் தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்து எடுத்துக்கொண்டாளாம்.

நான் உள்ளே போனேன். அப்பா முன்பக்கக் கட்டிலில் உட்கார்ந்து விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். திரைக்கு அந்தப்பக்கம் அம்மா அடுப்பருகில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் புடவை முடிச்சு ஒன்று புடைத்திருந்தது. ஏன் சாப்பிடவில்லை, ஏன் மடியைக் களையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மடியாக இருக்கும்வரை யாரும் அவளைத் தொடமுடியாது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பூட்டு கிடையாது.

“நீயா அம்மா?” என்றேன்.

“தொடாதேடி” என்றாள் முதலில். பிறகு அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “நீ போயிட்டா இவரோட நான் தனியா என்னடி பண்ணுவேன்? நீ கேலி பண்ணிண்டு இருக்கே, அதுல எனக்குக் கொஞ்சம் மூச்சு வரது. உனக்கு வேலை வந்துடுத்து, போறே. எனக்கு எங்கேடி உத்தரவு வரும்?”

அப்பாவைக் கேலி செய்ய எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மணிக்கயிறு எனக்குத் தமாஷ். ஓடியவள் அவள். நான் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் நான் மணியைத்தான் பார்த்தேன். ஒன்று பத்து.

குனிந்து அம்மாவின் இடுப்பைத் தொட்டேன். அவள் தடுக்கவில்லை, விலகவும் இல்லை. முடிச்சை நான் அவிழ்த்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதிகேசவன் ரோட்டரை வாங்கி, ஈரமாக இருக்கிறதே என்று தன் சட்டையில் துடைத்துப் பொருத்தினான். எங்கே கிடைத்தது என்று அவனும் கேட்கவில்லை. முதல் முடுக்கிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா புஸ்தகத்தை மூடிக்கொண்டு இறங்கி வந்து, குழாயை ஊதியதற்கு இப்போதுதான் பலன் தெரிகிறது என்றார். ஆதிகேசவன் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

அத்திபெலே செக்போஸ்ட்டில் இது பயணிகள் வண்டியா, சாமான் வண்டியா என்று கேட்டார்கள். அப்பா கால்மணி நேரம் சொற்பொழிவு செய்தார். நான் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா மடிப் புடவையைக் களைந்து சாதாரணப் புடவைக்கு மாறியிருந்தாள். அப்பா இரண்டுமுறை மணிக்கயிற்றை இழுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அப்பாவே சொல்லிக்கொண்டார்.

மூன்று ஐம்பதுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினாள். எனக்கென்று அடுத்த தெருவில் ஓர் அறையும் சமையல்கட்டும் பேசிவைத்திருந்தார்கள். சாவியைக் கொடுத்தாள். நெஞ்சில் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தாழ்வாரத்திலேயே சற்று நின்றேன்.

வாசலில் என் பெட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு தகரப்பெட்டி, பஸ்ஸில் கட்டிலடியில் அம்மாவின் புடவைகளோடு வந்தது. அதை ஒட்டி அம்மா நின்றாள்.

அப்பா படியில் நின்றுகொண்டு, அது யாருடைய பெட்டி, ஏன் இறக்கினாய், வெயில் தாழ்ந்தால் வண்டி விளக்கு சரியில்லை, ஏறு ஏறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“நான் இவளோட இருக்கப்போறேன்” என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டார் அப்பா. அவள் தகரப்பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அப்பாவுக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது.

“ராத்திரி எனக்குச் சாப்பாடு?”

“டொமினிக் நன்னா சமைப்பானாம். கேட்டுண்டேன்” என்றாள் அம்மா.

குனிந்து தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, எந்தத் தெரு என்று என்னைக் கேட்டாள்.